செட்டிநாட்டில் பல் வைத்தியம்: வலி வந்த நாளிலிருந்து கேப் போடும் நாள் வரை

தை பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக் போன் ஓயாது. போன தையில் வந்த அழைப்பு ஒன்று:

"ஏம்மா, பல் ஆசுபத்திரிதானே? அப்பச்சிக்கு வர்ற வியாழக்கிழமை வயசு நிறைவு சாந்தி. மேல்வரிசையில முன்பல்லு நாலும் ஆடுது. எடுத்துட்டு செட்டு கட்டிப்புடணும். போட்டோவுல வாய் நல்லா இருக்கணும்ல?"

"ஆச்சி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நடுவுல அஞ்சு நாள்தான் இருக்கு."

"அஞ்சு நாள் பத்தாதா? வீடு பூராவும் வெள்ளையடிச்சே மூணு நாள்ல முடிச்சுட்டாக."

பதினோரு வருஷமாக காரைக்குடியில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பல் பிடுங்கத் தெரியாது. ஆனால் யார் எப்போது வந்தால் காரியம் முடியும், யார் எதைக் கேட்காமல் விட்டுப் பிறகு மேஜை முன்னால் நின்று சண்டை போடுவார்கள் என்பது அத்துப்படி. இங்கே வரும் சிக்கல்களில் பாதி நாள் கணக்கால் வருவது. நம் ஊரில் எல்லாமே முகூர்த்தத்தை ஒட்டி நடக்கும். பல் மட்டும் தன் நாளை எடுத்துக்கொண்டுதான் ஆறும். அதனால் விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதுதான் கீழே இருப்பது.

வலியில் எது காத்திருக்கும்

ஐஸ்வாட்டர் பட்டதும் சுருக்கென்று கூசி, இரண்டு நொடியில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் சொத்தை மேலோட்டமாக இருக்கிறது, அல்லது ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. இந்த வாரத்துக்குள் வந்தால் போதும். அடைத்துவிட்டால் முடிந்துவிடும்.

காபி குடித்துப் பத்து நிமிஷம் ஆகியும் விண்விண்ணென்று தெறிக்கிறது, ராத்திரி படுத்தால் காது வரை இழுக்கிறது என்றால் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. நாளைக்கே வர வேண்டிய வலி இது. நான்கு நாள் உயிரை எடுத்த வலி ஐந்தாம் நாள் தானாகக் காணாமல் போவதும் உண்டு. 'சரியாப்போச்சு' என்று அப்பாயின்ட்மென்டை ரத்து செய்யப் போன் வரும். சரியாகவில்லை, உள்ளே நரம்பு செத்திருக்கிறது. சீழ் வேருக்குக் கீழே சேர்ந்து ஒரு மாதத்திலோ ஆறு மாதத்திலோ கன்னம் வீங்கிக்கொண்டு வரும். பெரும்பாலும் அது கல்யாண வீட்டு நாளாகத்தான் இருக்கும்!

எந்தக் காரணத்தைக் கொண்டும் காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் பல் கிளினிக்கைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆசுபத்திரிக்குப் போங்கள். மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய வீக்கம் அது. ராத்திரி இரண்டு மணியானாலும் அப்போதே கிளம்ப வேண்டும்.

மற்ற வலிகளுக்கு வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் சாப்பிட்டுவிட்டு பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைக்குள் வைத்தால் கொஞ்ச நேரம் மரத்திருக்கும். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருளின் வேலை அது. டாக்டர்களும் தற்காலிக அடைப்புக்கு அதைச் சேர்ந்த மருந்தைத்தான் கலக்குகிறார்கள். அதற்காக ராத்திரி முழுக்கக் கிராம்பையோ கற்பூரத்தையோ ஈறில் அதக்கி வைத்தால் தோல் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் மேல் வைத்துக் கடிப்பதும் அப்படித்தான். வீங்கின கன்னத்துக்கு வெளியே சூட்டு ஒத்தடம் வேண்டாம்.

இன்னொன்று: மெடிக்கலில் போய் 'பல்லுவலிக்கு ஒரு செட்டு கொடுங்க' என்று கேட்டு வாங்குவது. அந்தச் செட்டில் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும், மூன்று வேளை போட்டதும் வலி குறையும், மீதியை யாரும் போட மாட்டார்கள். சொத்தைக்குள் இருக்கும் அழுக்கை எந்த மாத்திரையாலும் எடுக்க முடியாது. பல்லைத் திறந்தாக வேண்டும், இல்லையென்றால் பிடுங்கியாக வேண்டும்.

யாரிடம் போவது

பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கண்டனூர், கானாடுகாத்தான் பக்கத்து ஆட்கள் காரைக்குடிக்குத்தான் வருவார்கள். தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி என்று அந்தந்த ஊரிலும் கிளினிக்குகள் இருக்கின்றன. பெரிய தாடை ஆபரேஷன் என்றால் மதுரை அல்லது திருச்சி. செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு ஆசுபத்திரிப் பல் பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே திறந்துவிட்டார்கள், காரைக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். கல்லூரியில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். நாள் இருக்கிறவர்களுக்கு நல்ல வழி. தனியார் கிளினிக்கில் வேலை செய்துகொண்டே இதை நான் சொல்கிறேன்.

போர்டில் பட்டத்தைப் பாருங்கள். பிடிஎஸ் என்பது ஹவுஸ் சர்ஜனோடு சேர்த்து ஐந்து வருஷப் படிப்பு. எம்டிஎஸ் அதற்கு மேல் மூன்று வருஷம், ஏதாவது ஒரு துறையில். அடைப்பு, க்ளீனிங், சாதாரணமாகப் பல் பிடுங்குவது, பெரும்பாலான ரூட் கேனல் (வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைப்பது) எல்லாவற்றையும் நல்ல பிடிஎஸ் டாக்டரே பார்ப்பார். கிளிப் (பல்லை வரிசைப்படுத்தும் கம்பி), இம்ப்ளான்ட் (எலும்பில் திருகி வைக்கும் பல்), எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் கடைவாய்ப் பல் இவற்றுக்கு எம்டிஎஸ் டாக்டர் இருந்தால் நல்லது. சிற்றூர்க் கிளினிக்குகளில் இந்த ஸ்பெஷலிஸ்டுகள் தினமும் இருக்க மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ வெளியூரிலிருந்து வந்து போவார்கள். போனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்: 'கிளிப் டாக்டர் என்னைக்கு வர்றாக?'

சட்டப்படி பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது. பதிவு எண் சுவரில் மாட்டிய சான்றிதழில் இருக்கும். இல்லாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். 'முப்பது வருஷமா பல்லு கட்டுறாரு, கைராசிக்காரர்' என்று யாரோ சொன்னார்கள் என்று போய் உட்காராதீர்கள். பக்கத்துப் பல்லோடு பிளாஸ்டிக் பொடியைக் குழைத்து ஒட்டிவிட்ட 'கட்டுப் பல்'லோடு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அதைக் கழற்றும்போது தாங்கி நின்ற நல்ல பல் இரண்டும் சேர்ந்து கையோடு வரும்.

அடுத்தது சுத்தம். நாற்காலியில் உட்கார்ந்ததும் தட்டைக் கவனியுங்கள். கருவிகள் ஒருபக்கம் காகிதம், ஒருபக்கம் பிளாஸ்டிக் போட்டு ஒட்டிய பையில் வர வேண்டும். உங்கள் கண் முன்னால் அதைக் கிழித்துத் திறக்க வேண்டும். பையின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ நீராவி அழுத்தத்தில் வெந்து வந்திருந்தால் அந்தக் குறி நிறம் மாறியிருக்கும். குக்கருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிளினிக்கில் சாயங்காலம் எட்டரை மணிக்கு அதைத் திறக்கும்போது இட்லிக் கொப்பரை திறந்த மாதிரி ஆவி வரும். வெந்நீரில் போட்டு எடுத்தது, டெட்டாலில் முக்கியது எல்லாம் இதற்கு ஈடாகாது.

போன் போடும்போதும் புறப்படும்போதும்

கிளினிக்குகள் பொதுவாகக் காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம். மத்தியானம் பூட்டியிருக்கும். ராகு காலம், எமகண்டம் பார்க்கிறவர்கள், வெள்ளிக்கிழமை பல் பிடுங்க மாட்டேன் என்கிறவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள். நாங்களும் அந்த நேரத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போனால்தான் சங்கடம்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகிற மாதிரி வெறும் வயிற்றில் வருகிறார்கள். பயமும் பசியும் சேர்ந்து, ஊசி போட்ட இரண்டாம் நிமிஷம் மயக்கம் வருகிறது. மரக்க வைக்கிற ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. சர்க்கரைக்காரர்கள் வழக்கமான மாத்திரையைப் போட்டு, இட்லி சாப்பிட்டு, காலை நேரத்திலேயே வருவது உத்தமம். பிரஷர் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். 'வெள்ளையா, வட்டமா ஒண்ணு' என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. முக்கியமாக இவை:

இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ரத்தம் இளகும் மாத்திரை. பல் பிடுங்க வேண்டும் என்று நீங்களாகவே அதை நிறுத்தாதீர்கள். ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து நிறுத்திவிடலாம், இதயத்தில் ஏற்படும் அடைப்பை அப்படி நிறுத்த முடியாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வார்ஃபரின் என்ற ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் கேட்போம்.

எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷத்துக்கு ஒரு ஊசியோ போட்டுக்கொள்ளும் அப்பத்தாக்கள். பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் சிலருக்கு உண்டு என்பதால் டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். யாரும் இதை ஒரு மருந்தாகவே எண்ணிச் சொல்வதில்லை.

ஈறு தடித்துப் பல்லை மூடுகிறதா? பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்பார். சிலருக்கு அந்த மாத்திரையால் ஈறு வளரும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினாலும் வளரும். மாத்திரையை மாற்றுவது அதை எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை.

கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சாவகாசமாக வேலையை முடித்துக்கொள்ளலாம். தாங்க முடியாத வலி என்றால் எந்த மாதமானாலும் வரலாம். ஈயக் கவசம் போட்டு ஒரு பல் எக்ஸ்ரே எடுப்பதைவிட, சீழை உடம்பில் வைத்திருப்பதுதான் கெடுதல்.

முதல் நாளில் கேட்க வேண்டியவை

முதல் நாள் பெரும்பாலும் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, என்ன செய்யலாம் என்று சொல்வதோடு முடியும். ஒரு பல்லுக்குச் சின்ன எக்ஸ்ரே. முழுத் தாடைக்கு ஓபிஜி. இம்ப்ளான்டுக்கு சிபிசிடி ஸ்கேன். படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அப்படியே வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறு டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் திரும்ப எடுக்கும் செலவு மிச்சம்.

ரூபாய் கணக்கை இங்கே எழுதினால் அடுத்த வருஷமே பழசாகிவிடும். சண்டை வருகிற இடத்தை மட்டும் காட்டிவிடுகிறேன். ரூட் கேனலுக்கு ஒரு தொகை சொல்வார்கள், நீங்கள் தலையாட்டுவீர்கள். வேலை முடிந்த பிறகு, 'இனி கேப் போடணும், அது தனி' என்பார்கள். கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை. ஏமாற்றுகிற எண்ணத்தில் சொல்வது கிடையாது, தொழிலில் இரண்டும் தனித்தனி வேலை. ஆனாலும் கேட்கிறவருக்குச் சுள்ளென்று இருக்கும். ஆகவே முதல் நாளே கேளுங்கள்: கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு, என்ன கேப், எத்தனை தடவை வர வேண்டும், எக்ஸ்ரே அதில் சேர்ந்ததா, கேப் உடைந்தால் எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு. ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ஆசுபத்திரியில் படுக்காமல் செய்துகொள்ளும் சாதாரணப் பல் வைத்தியத்தைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. விபத்தில் அடிபட்டதென்றால் பில், எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

காரைக்குடிக்காரருக்குக் காரை

பல்லின் அடியில் மஞ்சளாக, சிமென்ட் மாதிரி இறுகிப்போவதைக் காரை என்கிறோம். 'க்ளீன் பண்ணினா பல்லு ஆடும், சந்து விழும்' என்பது நம் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. சந்தை உண்டாக்கியது காரைதான். ஈறையும் எலும்பையும் அரித்துவிட்டு, அரித்த இடத்தில் தானே உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் சந்து தெரிகிறது. நாலு நாள் கூசும், பிறகு ஈறு இறுகும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுப்பது நல்லது, சர்க்கரை இருந்தால் இரண்டு தடவை. ஈறு நோய்க்கும் சர்க்கரைக்கும் இரண்டு பக்கமும் உறவு உண்டு, ஒன்று கூடினால் மற்றதும் கூடும்.

ரூட் கேனலும் சீப்புச் சீடையும்

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், வெளியூரில் ஒரு கிளினிக்கில் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் செய்தார்கள். வலி போய்விட்டது. கேப் போட வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு வளைகாப்பு வீட்டுப் பலகாரத் தட்டில் சீப்புச் சீடை. ஒரே கடி. 'டக்'கென்ற சத்தம் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. பல் நடுவில் விறகு பிளந்த மாதிரி வேர் வரை இரண்டாகப் பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் போயிற்று.

ஏன் அப்படி? சொத்தை பாதிப் பல்லைத் தின்றிருக்கும். மீதியில் டாக்டர் மேலிருந்து வழி வெட்டுகிறார். நான்கு சுவரும் மெலிந்து நிற்கிற வீட்டுக்கு மேலே ஓடு போடாமல் விட்டால் என்ன ஆகும்? கேப் தான் அந்த ஓடு. கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் என்றால் கேப்போடு சேர்த்துத்தான் கணக்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பல்லில் நிறையப் பல் மிச்சமிருந்தால் சில சமயம் கேப் இல்லாமலும் விடலாம்.

வேலை நடக்கிற விதம் இது. ஊசி போட்டு மரக்க வைப்பார்கள். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணி மாட்டினால் நல்லது, மருந்து தொண்டைக்குள் போகாது. பல்லின் மேல் துளையிட்டு, மயிரிழை மாதிரி ஊசிகளால் வேருக்குள் இருக்கும் அழுகிய நரம்பை வழித்தெடுத்து, மருந்துத் தண்ணீரால் கழுவுவார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு வேர்க்குழாய், கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. அதனால்தான் முன்பல்லுக்குக் கட்டணம் குறைவு. கழுவிய குழாயை அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சிக்குப் பெயர் கட்டாபெர்ச்சா. மலாய்க்காரர்கள் வைத்த பெயர். அந்தப் பக்கத்துக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. நம் வீட்டு முகப்புத் தூண் பர்மாத் தேக்கு, பல்லுக்குள் மலேயா மரப்பால். கொண்டுவிற்கப் போன ஊர்கள் நம்மை விடுவதாக இல்லை.

சீழ் இல்லாவிட்டால் ஒரே நாளில் முடிப்பார்கள், இருந்தால் இரண்டு மூன்று தடவை. பிறகு பல்லைச் சுற்றிலும் இழைத்து அளவெடுத்து, கேப் செய்யும் லேபுக்கு அனுப்புவார்கள். லேப் பெரும்பாலும் வெளியூர். கூரியரில் போய்வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தற்காலிகக் கேப். அந்தப் பக்கம் முறுக்கு, மனகோலம், கல்கண்டு எதுவும் கூடாது.

கேப்பில் மூன்று ரகம் புழக்கத்தில் இருக்கிறது. முழு உலோகம் மலிவு, உழைக்கும், வெள்ளியாகத் தெரியும். கடைசிக் கடைவாய்க்கு அதில் தப்பே இல்லை. உலோகத்தின் மேல் செராமிக் பூசியது நடுத்தரம். வருஷங்கள் போனால் ஈறோரம் கருப்புக் கோடு தெரியலாம், மேல்பூச்சு சில்லு பெயரலாம். ஜிர்கோனியா விலை அதிகம், உள்ளே உலோகம் இல்லை. வாரன்டி அட்டை கொடுத்தால் அதைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பல்லுக்கு வெள்ளை ஏற்றும் ப்ளீச்சிங் செய்கிற எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்துக் கேப்புக்கு நிறம் பார்க்க வேண்டும். கேப் வெளுக்காது, பல் மட்டும் வெளுக்கும்.

பிடுங்கிய நாள்

டாக்டர் வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, பீடி சிகரெட் கூடவே கூடாது. பள்ளத்தில் உறையும் ரத்தம்தான் மருந்து. உறிஞ்சினால் அது கழன்றுவிடும். அப்படிக் கழன்றவர்கள் மூன்றாம் நாள், நான்காம் நாள் பல்லுவலியைவிடப் பெரிய வலியோடு வருவார்கள். ஆறின கஞ்சி, தயிர்சாதம், இளநீர் போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாக அலசலாம். ரத்தம் நிற்கவில்லை என்றால் சுத்தமான பஞ்சைச் சுருட்டி இன்னும் அரை மணி நேரம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் போன் செய்யுங்கள்.

எச்சிலில் கலந்த ரத்தம் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், உண்மையில் கொஞ்சம்தான் போயிருக்கும்.

பல்செட்டும் இம்ப்ளான்டும்

முழு செட்டுக்கு நான்கைந்து தடவை வர வேண்டும்: அளவு, மறுஅளவு, கடி பார்ப்பது, மெழுகில் பல்லை அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, கடைசியாகக் கையில் கொடுப்பது. மெழுகுச் செட்டைப் போட்டுப் பார்க்கும் நாளில் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டி வாருங்கள். 'பல்லு பெருசா இருக்கு', 'சிரிச்சா ஐயா மாதிரியே இல்ல' என்பதையெல்லாம் அன்றைக்குச் சொன்னால் மாற்றலாம். பிளாஸ்டிக் செட்டாகி வந்த பிறகு சொன்னால் முதலிலிருந்து.

பல் எடுத்த பிறகு ஈறும் எலும்பும் அடங்க ஆறிலிருந்து எட்டு வாரம் விடுவது வழக்கம். அவசரமென்றால் எடுத்த அன்றே மாட்டும் செட்டும் உண்டு. பல்லை எடுப்பதற்கு முன்பே அளவெடுத்துச் செய்து வைப்பார்கள். சில மாதத்தில் ஈறு வற்றி அது லொடலொடவென்று ஆகும், உள்ளே புதுப்பூச்சு கொடுக்க வேண்டும். புதுசெட்டு போட்ட முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் ஊறும். பத்திரிகையை உரக்கப் படித்துப் பழகுங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து இரண்டாக உடைந்த செட்டை வருஷத்துக்குப் பத்தாவது பார்க்கிறேன்.

இம்ப்ளான்ட் என்பது எலும்பில் இறக்கும் டைட்டானியம் திருகாணி. எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்றிலிருந்து ஆறு மாதம், பிறகுதான் மேலே பல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரிப்போர்ட் கேட்பார்கள். புகைப்பவர்களுக்குத் தோற்றுப்போகும் வாய்ப்பு கூடுதல்.

சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில்

திருச்சியில் இறங்கி, கல்யாணம் பார்த்து, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போய்வந்து, மிச்சமிருக்கும் மூன்று நாளில் பல்லையும் முடித்துவிடலாம் என்று வருகிறவர்களுக்காக இது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஓபிஜி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டாக்டர் அதைப் பார்த்து எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவார். ஊருக்கு வந்த முதல் நாளே கிளினிக்குக்கு வாருங்கள், கடைசி மூன்று நாள் உதவாது. பத்து நாளில் க்ளீனிங், அடைப்பு, ஒன்றிரண்டு ரூட் கேனல், லேப் ஒத்துழைத்தால் அதற்குக் கேப் இவை முடியும். இம்ப்ளான்டுக்கு இரண்டு பயணம்: இந்தத் தையில் திருகாணி, ஆவணி முகூர்த்தத்துக்கு வரும்போது பல். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் கடைவாய்ப் பல் பிடுங்காதீர்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும்.

பெண்ணுக்குக் கிளிப் போட வேண்டுமென்றால் ஒன்றரை முதல் இரண்டு வருஷம், மாதம் ஒரு தடவை கம்பியை முடுக்க வேண்டும். 'நிச்சயம் ஆயிருச்சு, நாலு மாசத்துல கல்யாணம்' என்று வந்தால் டாக்டர் கையை விரிப்பார். நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கம்பியைக் கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடந்து போய்விடும்.

பிள்ளைகள்

ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கும். அதுவும் விழுந்து முளைக்கும் என்று எண்ணிச் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஃப்ளோரைடு உள்ளதாக இருக்கட்டும். ஊசி போட்டுக் கூட்டிப் போகும் பிள்ளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு உதட்டைக் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளவில் ஓடி விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டதா? வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் சில நொடி அலசுங்கள். நிரந்தரப் பல் என்றால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லலாம். தைரியம் இல்லாவிட்டால் ஆறின பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் வாருங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் பல் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, உள்ளே வளரும் பல் கெட்டுப்போகும்.

பந்தி முடிந்ததும் வெற்றிலைத் தட்டு நம் மரியாதை. ஆனால் பாக்கையும் புகையிலையையும் தினமும் அதக்குகிறவர்கள் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து மூன்று விரலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், அல்லது வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் வாருங்கள். இந்தப் புண் ஆரம்பத்தில் வலிக்காது.

அந்த அப்பச்சியின் கதை பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூட்டி வந்தார்கள். டாக்டர் பல்லை எடுக்கவில்லை. காரையை எடுத்து, ஆடின பற்களைப் பின்பக்கமாக மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பல்லோடு ஒட்டினார். விசேஷம் வரை தாங்கும், இட்லிக்கு மேல் கடினமாக எதுவும் கடிக்காதீர்கள் என்றார். மாசியில் நான்கையும் எடுத்தார்கள், சித்திரை கடைசியில் செட்டு. ஆச்சி போட்டோ ஆல்பத்தோடு ஒரு தூக்குச்சட்டியும் கொண்டுவந்தார். அதிரசம் இருந்தது, கந்தரப்பம் இருந்தது. "சீடையும் சுட்டோம், உங்க டாக்டர் ஏசுவாகன்னு கொண்டாரலை" என்றார்.